பதினாலு வயசுல கையை விட்டுட்டு, பதினெட்டுல கை கொடுத்தா போதுமா?

(கும்மிடிப்பூண்டியில் பெற்றோர்களும் நம் கிளைத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். சேமித்து வைத்தாவது முழுசாகப் படியுங்கள். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.)



ஷிப்ட் முடிஞ்சு சிப்காட்ல இருந்து நேரா வந்து உட்கார்ந்தவங்க இருக்கீங்க. பொன்னேரியில, கவரைப்பேட்டையில ரயில் ஏறி வந்தவங்களும் இருக்கீங்க. உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போறேன். ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனா அரசு பணம் கொடுக்குது. அந்தப் பணம் பிள்ளையைப் படிக்க வைக்குதா, இல்லையா?

"வைக்குது" என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பணம் எந்த வயசுல வந்து சேருது என்பதில்தான் எல்லாம் இருக்கு. நம்ம ஊர்ல அது நாலு வருஷம் தாமதமா வருது. அந்த நாலு வருஷத்துலதான் நம்ம பிள்ளைகள் காணாமப் போறாங்க.

முதல்ல நல்லதைப் பேசுவோம்.

அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதுதான் 'புதுமைப் பெண்' திட்டம். முழுப்பெயர், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி சென்னையில் தொடங்கியது. இரண்டாம் கட்டம் எங்கே தொடங்கியது தெரியுமா? நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2023 பிப்ரவரி 8-ஆம் தேதி, பட்டாபிராமில். 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' என்று ஆண் பிள்ளைகளுக்கும் அது வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது.

பணம் அப்பா கைக்கும் போகாது, அண்ணன் கைக்கும் போகாது. அந்தப் பெண் பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கே வரும். இது சின்ன விஷயமில்லை. பதினெட்டு வயசுப் பெண் ஏ.டி.எம். வாசலில் நின்று, தன் பேரில் வந்த பணத்தைத் தானே எடுக்கிறாள். ரயில் சீசன் டிக்கெட், நோட்டு, தேர்வுக் கட்டணம் எதுக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. பொன்னேரி அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பெண்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இந்த ஆயிரம் ரூபாயை வெச்சு என்ன செய்யறோம்னு கணக்கோட சொல்வாங்க.

இந்தத் திட்டத்துக்கு ஒரு முன்கதை இருக்கு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் 1989-ல் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் வந்தது திருமண உதவித் திட்டம். ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அதோட ஒரு நிபந்தனையும் இருந்தது. பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

உதவி கல்யாணத்துக்கு, நிபந்தனை பள்ளிக்கூடம். "பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு" என்று கேட்டுக்கிட்டிருந்த வீட்டில், "எட்டாவதை முடிக்கட்டும், பணம் வரும்" என்று பேச வைத்தது அந்த ஒரு வரி. பிறகு எட்டு என்பது பத்தாம் வகுப்பாச்சு. 2011-ல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு 50,000 ரூபாய், பத்து வரை படித்தவர்களுக்கு 25,000 ரூபாய் என்று ஆனது. 2022 பட்ஜெட்டில் அந்தப் பணம் கல்யாண மேடையிலிருந்து கல்லூரி வாசலுக்கு நகர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு தோழர்களே. அரசு எந்த இடத்தில் கோடு போடுதோ, குடும்பம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நடக்கும்.

சரி, இப்போ பிரச்சினைக்கு வருவோம்.

நம்ம பிள்ளைகள் ஏறுகிற ஏணியை ஒரு தடவை கீழே இருந்து மேலே எண்ணிப் பாருங்கள்.

ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை காலைச் சிற்றுண்டி. 2022-ல் வந்தது. அதுக்கு முன்னாடியே மதிய உணவு இருக்கு. 1956-ல் காமராசர் தொடங்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார். "பள்ளிக்கு வா, சாப்பாடு உண்டு" என்பதும் ஒரு நிபந்தனை உதவிதான். காசுக்குப் பதிலா சோறு. உலகம் இதுக்குப் பெரிய பெரிய பெயர் வைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ்நாடு சத்துணவுக் கூடத்தில் செய்து காட்டியது.

இப்போ அந்த ஏணியின் படிகள் எங்கெங்கே நிற்குது என்று பாருங்கள்.

காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போட நிற்குது.
இலவசச் சீருடை எட்டாம் வகுப்போட நிற்குது.
கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயசோட நிற்குது.
குழந்தைத் தொழிலாளர் தடையின் முழு பாதுகாப்பும் 14 வயசோட நிற்குது. அதுக்கு மேல ஆபத்தான தொழில் தவிர மற்ற வேலைக்கு வைக்கலாம் என்று 2016 திருத்தம் சொல்லுது.
சத்துணவு பத்தாம் வகுப்போட நிற்குது.

மாதம் 1,000 ரூபாய் எப்போ தொடங்குது? பெரும்பாலும் பன்னிரண்டு முடிச்ச பிறகு. பதினேழு, பதினெட்டு வயசுல.

பதினாலுல ஒவ்வொரு கையா விடுது. பதினெட்டுல மறுபடி கை கொடுக்குது. நடுவுல நாலு வருஷம், ஒரு பள்ளம். பஸ் பாஸ் இருக்கு, பாடப்புத்தகம் இருக்கு, பதினொன்றில் சைக்கிள் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மாசாமாசம் வீட்டுக்கு வர்ற காசு?

"பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டுக்கும் ஊக்கத்தொகை உண்டே" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2011-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்காக அறிவித்தது. பத்துக்கு 1,500, பதினொன்றுக்கு 1,500, பன்னிரண்டுக்கு 2,000. மொத்தம் 5,000 ரூபாய். ஆனால் அது கைக்கு வராது. அரசின் நிதி நிறுவனத்தில் வைப்புத்தொகையாகப் போட்டு, படிப்பு முடிந்த பிறகுதான் கிடைக்கும். மத்திய அரசும் 2008-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு 3,000 ரூபாய் டெபாசிட் என்றது. பத்தாவது தேறி, 18 வயது ஆன பிறகுதான் அதை எடுக்க முடிந்தது.

நோக்கம் தப்பில்லை. நடுவுல நின்னுடக் கூடாதுன்னுதான் கடைசியில தர்றாங்க. ஆனா நடுவுல நிற்கிற பிள்ளை எதனால நிற்குது? இந்த மாசம் வாடகைக்குப் பணம் இல்லாததால நிற்குது. மூணு வருஷம் கழிச்சு வரப்போற ஐயாயிரம், இந்த மாசம் வீட்டு ஓனருக்குப் பதில் சொல்லாது.

எங்க தெருவுல நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை. இடுப்பில் அடிபட்டு மூணு மாசம் படுத்துட்டார். ஒப்பந்தக்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. பையன் பத்தாவது. அரையாண்டுத் தேர்வு எழுதினான், அதுக்கப்புறம் பள்ளிக்கு வரலை. போய்க் கேட்டேன். "கொஞ்ச நாள்தான்கா, அப்பா எழுந்துட்டார்னா மறுபடி போயிடுவேன்"னு சொன்னான். அப்பா எழுந்துட்டார். பையன் போகலை. ஒரு தடவை கையில வாரச் சம்பளம் வாங்கின பையனை மறுபடி பெஞ்சுல உட்கார வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு, இங்க உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வீட்டுக்கு அந்த மூணு மாசம், மாசம் ஐந்நூறோ ஆயிரமோ வந்திருந்தா?

"போங்கக்கா, ஆயிரம் ரூபாய்க்கா ஒருத்தன் படிப்பை விடாம இருக்கப் போறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு நாள் கூலி 400 என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 25 நாளுக்கு 10,000 ஆச்சே. ஆயிரம் எப்படி அதுக்கு ஈடாகும்?

ஈடாகாது. ஆனாலும் வேலை செய்யும். எப்படி என்று வெளிநாட்டு அனுபவங்களைப் பார்ப்போம்.

மெக்சிகோ. 1997-ல் 'புரோகிரேசா' என்று ஒரு திட்டம். கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போனால் அம்மா கையில் பணம். மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். உயர்நிலை வகுப்புகளில் ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகம். அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 506 கிராமங்களை எடுத்து, சிலவற்றில் முதலிலும் மற்றவற்றில் பிறகும் தொடங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

என்ன தெரிந்தது? தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை. ஏன்னா அங்கே ஏற்கெனவே பெரும்பாலான பிள்ளைகள் வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. மாற்றம் தெரிந்தது தொடக்கப் பள்ளி முடிந்து அடுத்த பள்ளிக்குப் போகிற இடத்தில். அதுவும் பெண் பிள்ளைகளிடம் அதிகமாக. பிள்ளை எங்கே நழுவுதோ அங்கே பணத்தை வைத்தால்தான் அது பிடிக்கும். நழுவாத இடத்தில் வைத்தால் நன்றி கிடைக்கும், மாற்றம் கிடைக்காது.

மொராக்கோ. அங்கே 'தைசீர்' என்ற திட்டம். தொகை ரொம்பச் சின்னது. ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு, "பிள்ளை பள்ளிக்கு வந்தால்தான் பணம்" என்று நிபந்தனை போட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு நிபந்தனை இல்லை. "இது உங்கள் பிள்ளையின் படிப்புக்கான பணம்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் பள்ளியை விட்டு நிற்பது நன்றாகக் குறைந்தது. நிபந்தனை போட்டதால் கூடுதலாகப் பெரிய பலன் எதுவும் வரவில்லை.

இதுக்கு என்ன அர்த்தம்? ஏழை அப்பா அம்மாவுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை, பிரம்பைக் காட்டினால்தான் அனுப்புவார்கள் என்பது பொய். "உன் பிள்ளை படிப்பு முக்கியம், அதுக்கு அரசும் உன் பக்கத்தில் நிற்குது" என்று ஒரு கை நீண்டால் போதும். அந்த ஆயிரம் ரூபாய் கூலிக்கு ஈடு இல்லை. தயங்கி நிற்கிற வீட்டுக்கு அது ஒரு தைரியம்.

அப்போ நிபந்தனையே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் இளம் பெண்களிடம் இதே கேள்வியை வைத்து ஆய்வு நடந்தது. நிபந்தனையோடு பணம் வாங்கிய பெண்களிடம் பள்ளி வருகையும் படிப்பும் மேலாக இருந்தன. நிபந்தனை இல்லாமல் வாங்கியவர்களிடம் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைவாக இருந்தன. காரணம் எளிது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கும் அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தது. நிபந்தனைத் திட்டத்தில் அவள் நின்ற அன்றே உதவியும் நின்றுவிடும். யாருக்கு ரொம்பத் தேவையோ, அவள்தான் முதலில் வெளியே.

ஆக, நிபந்தனை இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. அதை யார் கையில், எப்படிக் கொடுப்பது என்பதுதான் அரசியல்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு நம்ம மாவட்டத்துக்குத் திரும்பி வாங்க.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். பொங்கலை ஒட்டி வேலை சூடு பிடிக்கும், மழைக்கு முன்னாடி முடியும். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்காக வரும் நம்ம இருளர் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை. சூளையின் ஆண்டு அதைச் சரியாக நடுவில் வெட்டுது. அரையாண்டு வரை ஒரு ஊர், அதுக்கப்புறம் சூளை. அந்தப் பிள்ளைக்கு வருகைப் பதிவு எங்கே இருக்கும்? "6 முதல் 12 வரை தொடர்ந்து அரசுப் பள்ளி" என்ற வரி அந்தப் பிள்ளைக்கு எட்டாத வானம்.

சூளையில் கல் அறுக்கிற பிள்ளை தப்பு செய்யலை. சட்டப்படி அங்கே இருக்கவே கூடாத பிள்ளை அது. அதைப் பாதுகாக்கத் தவறியது நாம். தண்டனையை மட்டும் அது அனுபவிக்குது.

மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம். சிறப்புப் பயிற்சி மையத்தில் படிக்கிற பிள்ளைக்கு மாதம் 150 ரூபாய், பிறகு 400 ரூபாய் உதவித்தொகை. 2021-ல் அந்தத் திட்டத்தை 'சமக்ர சிக்ஷா'வோடு இணைத்துவிட்டார்கள். வேலையிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கென்று தனியாக இருந்த அந்தக் கதவு போச்சு.

இன்னொன்று, நம்ம கும்மிடிப்பூண்டிக்கே உரியது. நாம் இருப்பது எல்லையில். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. தடா, சூளூர்பேட்டையில் வேலை கிடைத்தால் குடும்பம் அங்கே போகும், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வரும். பிள்ளை ஏழாவதும் எட்டாவதும் அங்கே, ஒன்பதாவது இங்கே. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து நம்ம சிப்காட்டை ஓட்டுகிற தொழிலாளியின் பிள்ளை இருக்கு. 1990-களில் இருந்து இங்கேயே முகாமில் வாழும் ஈழத்துச் சொந்தங்களின் பிள்ளைகள் இருக்காங்க. இவங்க எல்லாம் நம்ம பிள்ளைகள் இல்லையா? தொழிற்பேட்டைக்குக் கை வேணும், அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் பிள்ளை மட்டும் எந்தக் கணக்கிலும் வராதா?

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நாம எதுக்கு? என்ன செய்யலாம்?

நான் இரண்டு விஷயத்தை பிரேசிலில் இருந்து எடுக்கிறேன். 2003-ல் தொடங்கிய 'போல்சா ஃபமிலியா' திட்டம் அங்கே கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் போகிறது. அதிலும் பள்ளி வருகை நிபந்தனை உண்டு. ஆனால் பிள்ளையின் வருகை குறைந்தால் உடனே பணத்தை வெட்டுவதில்லை. முதலில் எச்சரிக்கை. அதன் பிறகுதான் தற்காலிக நிறுத்தம். சமூகப் பணியாளர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை ஏன் வரலை? உடம்பு சரியில்லையா, வேலைக்குப் போச்சா, வீட்டில் யாருக்காவது அடிபட்டிருக்கா? அங்கே நிபந்தனை என்பது அபாய மணி. மணி அடிச்சா ஆள் ஓடி வரணும். நாம என்ன செய்யறோம்? மணி அடிச்சா கதவைச் சாத்துறோம்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. பிரேசிலிலும் நம்மைப் போலவே ஒரு பள்ளம் இருந்தது. சின்ன வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகள் மேல்நிலையில் நழுவிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அதுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசுப் பள்ளியில் மேல்நிலை படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, 80 சதவீத வருகை இருந்தால் பள்ளி நடக்கும் மாதங்களில் 200 ரியால் உதவி. அதோட, ஒவ்வொரு வருஷமும் தேறினால் 1,000 ரியால் சேமிப்புக் கணக்கில் ஏறும். அதை மேல்நிலை முடித்த பிறகு எடுக்கலாம்.

கவனிச்சீங்களா? நம்ம ஊர்ல கடைசியில் தர்ற டெபாசிட்டும் அதில் இருக்கு. நம்ம ஊர்ல இல்லாத மாத உதவியும் இருக்கு. இன்றைய அரிசிக்கு ஒன்று, நாளைய கல்லூரிக்கு ஒன்று.

இதிலிருந்து நம் கோரிக்கை எளிமையானது தோழர்களே.

ஒன்று. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாத உதவி வேண்டும். பெண், ஆண் இருவருக்கும். மாதம் 500 ரூபாய் என்றாலும் பத்து மாதத்துக்கு 5,000. நாலு வருஷத்துக்கு 20,000. ஒரு பிள்ளையைப் பள்ளத்திலிருந்து தூக்கிக் கல்லூரி வாசலில் விட இருபதாயிரம் அதிகமா? அந்த வாசலில் புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் காத்துக்கிட்டு இருக்கு. வாசல் வரைக்கும் போக வழி போடுங்க என்கிறோம்.

இரண்டு. வருகை குறைந்தால் பணத்தை வெட்டாதே, வீட்டுக்கு ஆள் அனுப்பு.

மூன்று. இடம் பெயரும் பிள்ளையோடு உதவியும் இடம் பெயரட்டும். எல்லை தாண்டிப் படித்த வருஷங்களும் கணக்கில் வரட்டும். சூளையிலிருந்து வரும் பிள்ளைக்கும் முகாம் பிள்ளைக்கும் தனி வழி இருக்கட்டும்.

நான்கு. நிபந்தனை அரசுக்கும் உண்டு. பிள்ளை வர வேண்டும் என்றால் ஆசிரியர் இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் இருக்க வேண்டும். கடைசி மணி அடித்ததும் ஊருக்குப் பஸ் இருக்க வேண்டும். பணம் பிள்ளையைப் பள்ளி வரைதான் கொண்டு வரும். உள்ளே என்ன கற்கிறது என்பது ஆசிரியரின் கையில். பல நாடுகளின் அனுபவமும் இதுதான். வருகை கூடுகிறது, ஆனால் கற்றல் தானாகக் கூடிவிடுவதில்லை. இதை மறைத்துப் பேசினால் நாம் நேர்மையானவர்கள் இல்லை.

"எல்லாம் இலவசம், மக்களைச் சோம்பேறி ஆக்குறீங்க" என்று டி.வி. விவாதத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்சாலைக்குச் சலுகை விலையில் நிலம் கொடுத்தால் அதுக்குப் பேர் முதலீட்டு ஊக்குவிப்பு. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மகளுக்கு மாதம் 500 கொடுத்தால் மட்டும் அது இலவசமா? இதுவும் முதலீடுதான். நாளைக்கு அந்த சிப்காட்டில் மெஷின் ஓட்டுவதும், தரம் பார்ப்பதும், டிசைன் போடுவதும் வெளியூர்க்காரர். பெருக்குவதும் சுமப்பதும் மட்டும் நம்ம ஊர்ப் பிள்ளை. இந்த நிலை மாற வேண்டாமா?

அரசு எப்போ கேட்குமோ, அது வரைக்கும் நாம சும்மா இருக்க முடியாது. இதைப் படிக்கிற ஒவ்வொருத்தரும் இந்த மாசமே செய்யக்கூடிய வேலைகளைச் சொல்றேன்.

உங்கள் தெருவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்க வேண்டிய வயசுல எத்தனை பிள்ளைகள், யார் பள்ளிக்குப் போறாங்க, யார் போகலை? ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளியில் சேராத பிள்ளையின் பெயர் எமிஸ் கணினியில் பொதுத் தொகுப்பில், ஆசிரியர்கள் 'காமன் பூல்' என்று சொல்கிற இடத்தில், கிடக்கும். தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகப் போய்ப் பேசுங்கள். கம்ப்யூட்டருக்குப் பேர்தான் தெரியும், வீடு உங்களுக்குத்தான் தெரியும்.

பத்தாவதில் தவறிய பிள்ளை இருந்தால் துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்ட வையுங்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுதான் ஆளை விழுங்குகிற பேச்சு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போக விரும்புகிற பிள்ளையை அனுப்புங்கள். மாத உதவி அங்கே படிக்கிறவங்களுக்கும் உண்டு.

கல்லூரியில் சேர்ந்தும் ஆயிரம் ரூபாய் வராத பெண்கள் இருப்பார்கள். பெரும்பாலும் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், இல்லையென்றால் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காது. கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதை வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஒரு தனி ஆள் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தால் நாலு நாள் கூலி போகும். நாம நாற்பது பேர் சேர்ந்து ஒரே நாள் போனால் வேலை நடக்கும்.

சூளையிலோ பட்டறையிலோ சின்னப் பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள். போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் முகம் நமக்கு லைக் வாங்கித் தர்ற பொருள் இல்லை.

கடைசியாக, எங்க தெருப் பையனைப் பற்றி. போன மாசம் தேநீர்க் கடையில் பார்த்தேன். இப்போ பதினெட்டு முடிஞ்சிடுச்சு. அவன்கூட ஒன்பதாவது படிச்ச பெண், பொன்னேரிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளுக்கு மாசம் ஆயிரம் வருதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட கேட்டான், "அக்கா, நான் அப்போ ரெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் வந்திருக்கும் இல்லே?"

என்னால பதில் சொல்ல முடியலை. ரெண்டு வருஷம் தாக்குப் பிடிக்கறது அவன் வேலையா, தோழர்களே? அவனைத் தாங்கிப் பிடிச்சிருக்க வேண்டியது நாம இல்லையா?

அவனைத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைக்கப் பேசிக்கிட்டு இருக்கோம். எழுதுவான். ஆனா அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஒன்பதாவது வகுப்பில் உட்காரப்போற நம்ம பிள்ளைகளில் ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

அதுக்குத்தான் இந்தக் கூட்டம். அதுக்குத்தான் இந்தக் கட்சி.

நோட்டை எடுங்க. உங்க தெருவில் இருந்து தொடங்குங்க.

#பதினாலு_முதல்_பதினெட்டு
#கும்மிடிப்பூண்டி #திருவள்ளூர்